தங்கச்சி சாகாத படம்

பத்திரிகையின் நடு மடிப்பில் பின் அடிப்பதற்கு எங்களிடம் நீளக் கை ஸ்டாப்ளர் இல்லை. சாதாரண ஸ்டாப்ளரின் வாயைப் பிளந்து வைத்துக்கொண்டு, தாள்களுக்கு அடியில் ஒரு தெர்மோகோல் அட்டையைப் போட்டு, மடிப்புக் கோட்டின் மேல் ஓங்கி அழுத்துவோம். அந்தப் பின் தெர்மோகோலுக்குள் நேராக இறங்கி நிற்கும். அதைப் பதமாகப் பிடுங்கி எடுத்து, மறுபக்கம் நீட்டிக்கொண்டிருக்கும் இரண்டு முனைகளையும் கரண்டிக் காம்பால் மடக்க வேண்டும். முதல் இதழ் தயாரான அன்று மதினியின் கட்டைவிரலில் ஒரு முனை ஏறிவிட்டது. ரத்தத்தைச் சேலைத் தலைப்பில் துடைத்துக்கொண்டு, முதல் பிரதியைக் கன்னத்தில் ஒற்றிப் பார்த்தார். ஜெராக்ஸ் மெஷினின் சூடு அதில் இன்னும் இருந்தது. "சுடச்சுட இருக்கு தம்பி, இட்லி மாதிரி" என்றார். மதினி அப்படி வாய்விட்டுச் சிரித்து நான் பார்த்தது குறைவு. அதன் பிறகு பார்த்தது இன்னும் குறைவு.

மதினி என்று நான் சொல்வது என் அண்ணனின் மனைவியை. நிலக்கோட்டைப் பக்கம் மல்லிகை போட்டிருந்த குடும்பத்திலிருந்து திண்டுக்கல்லுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவர். அண்ணன் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் மதினி ஜெராக்ஸ் கடை வைத்திருந்தார், இப்போதும் வைத்திருக்கிறார். படித்து முடித்து வேலை கிடைக்காமல் இருந்த நான் அந்தக் கடையில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, ஊரார் விண்ணப்பங்களை நிரப்பிக்கொண்டும், காதுகுத்துக்கும் கண்ணீர் அஞ்சலிக்கும் போஸ்டர் வடிவமைத்துக்கொண்டும் இருந்தேன்.

அந்தப் போஸ்டர்களுக்கு நடுவில்தான் இந்தப் படங்கள் வந்தன. சுற்றுவட்டாரக் கிராமத்து இளவட்டங்கள் தங்களுக்குப் பிடித்த நடிகரின் ஒரு சண்டைக் காட்சியை எடுத்துக்கொண்டு, அதையே தங்கள் தோட்டத்திலும் கண்மாய்க் கரையிலும் கைபேசியில் மறுபடி எடுப்பார்கள். சிலர் ஒரு படம் முடிந்த இடத்திலிருந்து கதையைத் தாங்களே மேலே கொண்டுபோவார்கள். அதை இணையத்தில் ஏற்றுவதற்கு முன்னால், அசல் படம் போலவே ஒரு போஸ்டர் வேண்டும் என்று எங்கள் கடைக்கு வருவார்கள். நான் அவற்றைச் செய்து கொடுத்துவிட்டு மறந்துவிடுவேன். மதினி மறக்கவில்லை. போஸ்டர் அடித்த ஒவ்வொரு படத்தையும் மத்தியானம் கடை ஓய்ந்திருக்கும் நேரத்தில் தேடிப் பிடித்துப் பார்த்தார். முதலில் சிரிப்பதற்காகப் பார்த்தார். பிறகு சிரிக்காமல் பார்த்தார்.

எரியோடு ஊர்ப் பையன்கள் எடுத்த ஒரு படம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. வெட்டிப்போட்ட சோளக்காட்டில் சண்டை. காட்சியை மெதுவாக ஓடவைக்கும் வித்தை அவர்களுக்குத் தெரியவில்லை. அதனால் அடிப்பவனும் அடி வாங்குபவனும் நிஜமாகவே மெதுவாக நடித்தார்கள். கை மெதுவாக ஓங்கியது, ஆள் மெதுவாகச் சாய்ந்தான், தூசியை ஒருவன் பக்கத்தில் நின்று மெதுவாகத் தூவினான். பின்னால் மேய்ந்துகொண்டிருந்த ஆடு மட்டும் தன் வேகத்தில் குறுக்கே போனது. நான் விழுந்து விழுந்து சிரித்தேன். மதினி அந்த இடத்தை மறுபடி ஓட்டிப் பார்த்துவிட்டு, "எம்புட்டு ஆசை இருந்தா இம்புட்டு மெதுவா விழுவான் தம்பி" என்றார்.

அந்த ஆசையைப் பற்றி யாராவது எழுத வேண்டும் என்பது மதினிக்கு ஒரு பிடிவாதமாகவே ஆகிவிட்டது. பெரிய படங்களுக்கு எழுத ஆயிரம் பேர் இருக்கிறார்கள், இவர்களுக்கு யார் இருக்கிறார்கள் என்று கேட்டார். எழுதாவிட்டால் இதெல்லாம் நடந்தது என்றே ஒருவருக்கும் தெரியாமல் போய்விடும் என்றார். வீட்டில் அண்ணன் இதைக் கேட்டுச் சாப்பாட்டுத் தட்டிலிருந்து நிமிராமலே, "கடைதான் இருக்கே, அதப் பாரு" என்று மட்டும் சொன்னார். மதினி கடையையும் பார்த்தார், பத்திரிகையையும் ஆரம்பித்தார். ஊர்த் திரையரங்குகளில் படம் வெளியாகும் அன்று விடிகாலையில் ரசிகர்களுக்கென்று தனியாகப் போடும் காட்சியின் பெயரையே பத்திரிகைக்கு வைத்தார்: 'ரசிகர் காட்சி'. எழுதுவது அவர், பக்கம் கட்டுவது நான், அச்சகம் எங்கள் ஜெராக்ஸ் மெஷின். விளம்பரம் இல்லை. வாங்க ஆள் இருக்குமா என்று நாங்கள் யோசிக்கவும் இல்லை.

முதல் இதழில் ஆட்டைப் பற்றி மதினி ஒரு முழுப் பத்தி எழுதியிருந்தார். எரியோட்டுப் பையன்கள் மூன்று பேர் ஒரே வண்டியில் கடைக்கு வந்துவிட்டார்கள். "என்னக்கா, நாங்க உசிரக் குடுத்து நடிச்சிருக்கோம், நீங்க ஆட்டப் போயி எழுதியிருக்கீங்க" என்றான் ஒருவன், பாதிக் கோபமும் பாதி வெட்கமுமாக. மதினி, "முழுசாப் படிச்சியா அப்பு?" என்று கேட்டார். அவன் அங்கேயே நின்று முழுவதையும் படித்தான். உலகம் தன் வேகத்தில் போய்க்கொண்டிருக்கும்போது இந்தப் பையன்கள் மட்டும் தங்கள் நாயகனுக்காக நேரத்தைப் பிடித்து நிறுத்தப் பார்க்கிறார்கள் என்று எழுதியிருந்தது. படித்து முடித்தவன் இதழை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தான். கடைசியில், "எங்க அம்மாவுக்கும் ஒண்ணு குடுங்கக்கா" என்று இன்னொரு பிரதி வாங்கிக்கொண்டு போனான். அன்று மதினி மத்தியானச் சோற்றைக்கூட மறந்துவிட்டார். நாங்கள் ஏதோ பெரிதாகச் செய்துவிட்டதாக இருவருமே நம்பினோம். அந்த நம்பிக்கை அவ்வளவு எளிதாக வந்ததை நினைத்தால் இப்போது பயமாக இருக்கிறது.

இரண்டாவது இதழுக்கு எழுதிக்கொண்டிருந்தபோதுதான் அந்தப் பெண் வந்தாள். ஞாயிற்றுக்கிழமை. வேடசந்தூர்ப் பக்கத்து நூற்பாலை ஒன்றில் வேலை செய்து, அங்கேயே விடுதியில் தங்கியிருக்கும் பெண்கள் நாலைந்து பேர் கடைத்தெருவுக்கு வந்திருந்தார்கள். ஆதார் அட்டைக்கு நகல் எடுக்க வந்தவள், மேசைமேல் கிடந்த முதல் இதழைப் புரட்டிப் பார்த்தாள். பழனிக்கு அந்தப் பக்கத்துக்காரி என்பது அவள் பேச்சிலேயே தெரிந்தது; கேட்டபோது கீரனூர் என்றாள்.

"ஏனுங்கக்கா, பசங்க படத்த மட்டுந்தான் எழுதுவீங்களா?"

"பொண்ணுங்க யாரும் எடுக்கலையேம்மா."

"நாங்க எடுத்திருக்கறோமுங்க" என்றாள். பின்னால் நின்ற பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

அந்தப் படத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். இப்போது அதைச் சொல்வதற்கு மிகச் சிலரே இருக்கிறோம். அப்போது எல்லா ஊர்களிலும் ஓடிய ஒரு பெரிய நடிகரின் படத்தில், நாயகனின் தங்கையை இடைவேளைக்கு முன்னால் கொன்றுவிடுவார்கள். இரண்டாம் பாதி முழுக்க அவர் பழிவாங்குவார். இந்தப் பெண்கள் எடுத்ததில் தங்கை சாகவில்லை. விடுதிக் குழாயடிதான் பேருந்து நிறுத்தம். தங்கை நிற்கிறாள். துப்பட்டாவைத் தலைப்பாகையாகக் கட்டிய இரண்டு வில்லன்கள் வருகிறார்கள். "அண்ணே, வண்டி வந்துருச்சு" என்று கைபேசியில் சொல்லிவிட்டு அவள் ஏறிப் போய்விடுகிறாள். வில்லன்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள், அவ்வளவுதான். நாயகனாக நடித்தவள் கீரனூர்ப் பெண். மையால் மீசை வரைந்திருந்தாள். தங்கை உயிரோடு வீடு வந்து சேர்ந்ததால் அந்த நாயகனுக்குச் செய்ய ஒன்றுமில்லை. அண்ணனும் தங்கையும் சாப்பிடுகிறார்கள். மின்விசிறியை யார் நிறுத்துவது என்று சண்டை போடுகிறார்கள். தங்கை தூங்கிப்போகிறாள். அசல் படத்தில் தலைகள் உருளுகிற இடத்தில், இங்கே நாயகன் பக்கத்தில் உட்கார்ந்து வெறுமனே அவளைப் பார்த்துக்கொண்டிருக்கிறான். வியர்வையைத் துடைக்கும்போது மீசை கன்னம் வரைக்கும் இழுபட்டுவிடுகிறது. படம் பிடித்தவளின் சிரிப்புச் சத்தத்தோடு முடிகிறது.

மதினி அதைக் கடையில் நின்றுகொண்டே பார்த்தார். முடிந்ததும் கைபேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டு வாசலைப் பார்த்துக்கொண்டு நின்றார். நகல் எடுக்க வந்த ஒருவர் இரண்டு முறை கூப்பிட்ட பிறகுதான் திரும்பினார். பிறகு என்னிடம் சொன்னார்: "தங்கச்சிய வெட்டுனதும் தியேட்டர்ல விசில் அடிப்பாங்க தம்பி. நானே கேட்டிருக்கேன். இனிமே சண்டை வருமுல்ல, அதுக்கு. நானும் பக்கத்துல உக்காந்து கைதட்டியிருக்கேன்." அந்த வாரம் முழுக்க எழுதினார். ஒவ்வொரு காட்சியாக, யார் எங்கே நின்றார்கள், எந்த இடத்தில் காற்று மைக்கில் மோதியது என்பது வரைக்கும் எழுதினார். 'இரண்டாம் பாதியில் எதுவுமே நடப்பதில்லை. எதுவும் நடக்காமல் இருப்பதற்காகவே இந்தப் படம் எடுக்கப்பட்டிருக்கிறது' என்ற வரியை அவர் வாசித்துக் காட்டியபோது, இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னேன்.

அட்டையில் மீசை வரைந்த அந்த முகத்தையே போடலாம் என்று மதினி நினைத்தார். அடுத்த ஞாயிறு அந்தப் பெண் வந்தபோது கேட்டார். "முகம் தெரியும்மா. பரவாயில்லையா?" அவள் யோசிக்கவே இல்லை. "போடுங்கக்கா. பெருசாப் போடுங்க" என்றாள்.

இதழ் வந்தது. கடைக்கு வருகிறவர்கள் எடுத்துப் போனார்கள். சில நாட்களில் யாரோ அந்த அட்டையைப் படம் பிடித்துக் இணையத்தில் கேலிப் பக்கம் ஒன்றில் போட்டுவிட்டார்கள். மதினி எழுதியதில் ஒரு வரிகூட அதில் இல்லை. மீசை முகமும் ஒரு நையாண்டி வாசகமும் மட்டும் இருந்தன. அந்த நடிகரின் ரசிகர்கள் தங்கள் தலைவரை அவமானப்படுத்திவிட்டதாகக் கொதித்தார்கள். மற்றவர்கள் அந்தப் பெண்ணின் நிறத்தையும் பல்லையும் பற்றி எழுதினார்கள். அதற்குக் கீழே ஒருவர், பின்னால் தெரிகிற குழாயடி எந்த ஆலையுடையது என்று எழுதினார். நாங்கள் அந்தப் பக்கத்துக்கு எழுதிக் கெஞ்சினோம். பதில் வரவில்லை. மதினி ஜெராக்ஸ் மெஷின் பக்கத்தில் நின்றபடி ஒவ்வொரு பின்னூட்டமாகப் படித்துக்கொண்டே இருந்தார். "வேண்டாம் மதினி, மூடுங்க" என்று நான் சொன்னபோது, "அந்தப் புள்ள படிக்குமுல்ல. நான் படிக்க வேண்டாமா?" என்றார்.

அடுத்த ஞாயிறு அந்தப் பெண்கள் வரவில்லை. அதற்கடுத்த வாரம், கூட வேலை செய்கிற ஒருத்தி மட்டும் கடை வாசலில் செத்த நேரம் நின்றாள். உள்ளே வரவில்லை. விடுதியில் கைபேசி வைத்துப் படம் எடுத்ததற்காக, நடித்த எல்லோரையும் பெற்றவர்களை வரவழைத்து அனுப்பிவிட்டார்கள் என்று சொன்னாள். எங்களிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. திட்டவும் இல்லை. யாராவது வந்து சண்டை போட்டிருந்தால் மதினிக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

கீரனூருக்கு நானும் மதினியும் போனோம். பழனியில் இறங்கி வேறு பேருந்து மாறி, விசாரித்து விசாரித்து வீட்டைக் கண்டுபிடித்தோம். தென்னைகளுக்கு நடுவில் ஓட்டு வீடு. அப்பா சந்தைக்குப் போயிருந்தார். நாங்கள் யாரென்று தெரிந்ததும் அம்மா உள்ளே போய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். "அவிய வர்றதுக்குள்ள பேசிட்டுப் போயிருங்க" என்று மட்டும் சொன்னார். அந்தப் பெண் மாட்டுக் கொட்டகைப் பக்கமிருந்து கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள். மெலிந்திருந்தாள். அத்தை மகனுக்குப் பேசி முடித்துவிட்டார்கள் என்று, நாங்கள் கேட்காமலே சொன்னாள். மதினி மன்னிப்புக் கேட்பதற்காக வழியெல்லாம் வார்த்தைகளைச் சேர்த்துக்கொண்டு வந்திருந்தார். இப்போது பையின் வாரைத் திருகிக்கொண்டு நின்றார். அந்தப் பெண்தான் கேட்டாள்.

"அக்கா, அந்தப் படம் உங்ககிட்ட இருக்குதுங்களா? அப்பா சேனல அழிக்க வெச்சுட்டாருங்க. போனையும் வாங்கிக்கிட்டாங்க. ஒருக்காப் பாத்துக்கலாம்னுதானுங்க."

எங்களிடம் இல்லை. இணையத்தில் இருப்பது எப்போதும் இருக்கும் என்று நினைத்து நாங்கள் இறக்கி வைத்துக்கொள்ளவில்லை. படம் பிடித்த பெண் எந்த ஊருக்குப் போனாள் என்று அவளுக்கே தெரியவில்லை. மதினி பையிலிருந்து இதழை எடுத்தார். "எழுதினது இருக்கும்மா. எல்லாக் காட்சியும் இருக்கு" என்றார்.

"எனக்கு வேகமாப் படிக்க வராதுங்க. நீங்க படிங்க, கேக்கறேன்."

மதினி படித்தார். குழாயடி, தலைப்பாகை, வண்டி வந்துவிட்டது என்கிற குரல். அந்தப் பெண் தென்னைகளைப் பார்த்துக்கொண்டு கேட்டாள். மின்விசிறிச் சண்டை வந்த இடத்தில் அவள் உதடுகள் லேசாக அசைந்தன. மதினி ஒரு வசனத்தைத் தப்பாகப் படித்தபோது, "அதில்லைங்க, 'நீயே போய் அமத்து'ன்னு சொல்லுவாளுங்க" என்று திருத்தினாள். தங்கை தூங்கிப்போகும் இடத்துக்கு வந்தபோது மதினி இதழை என் பக்கம் நீட்டிவிட்டார். மீதியை நான் வாங்கிப் படித்தேன்.

"நீங்க எழுதினதுலதானுங்க நல்லா இருக்குது" என்றாள் அவள். "படம் இத்தன நல்லா இல்லைங்கக்கா."

"இருந்துச்சும்மா. நான் பாத்தேன்."

"நாங்கதானுங்க எடுத்தோம். எனக்குத் தெரியாதுங்களா?"

அதைக் கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருக்கலாம். ஏதோ சின்ன வயதில் செய்த குறும்பைப் பற்றிப் பேசுவது போலச் சொன்னாள். சில வாரங்களுக்கு முன்னால் 'பெருசாப் போடுங்க' என்றவள், அதற்குள் கேலி செய்தவர்களின் கண்ணால் தன் படத்தைப் பார்க்கக் கற்றுக்கொண்டிருந்தாள். மதினி இதழை நீட்டினார். அவள் வாங்கவில்லை. "எங்கீங்க வெப்பேன்?" என்றாள். உள்ளேயிருந்து அம்மா குரல் கொடுத்தார். நாங்கள் எழுந்தோம்.

திரும்பும் பேருந்தில் மதினி சன்னல் பக்கம் உட்கார்ந்திருந்தார். ஒட்டன்சத்திரம் தாண்டியதும், "பெருசாப் போடுங்கன்னு அவதான தம்பி சொன்னா?" என்று கேட்டார். "ஆமா மதினி" என்றேன். திண்டுக்கல் வந்து சேர்வதற்குள் அதையே பல தடவை கேட்டார். ஒவ்வொரு தடவையும் நான் அதே பதிலைச் சொன்னேன். அது உண்மைதான். அந்த உண்மையால் யாருக்கும் ஒரு பயனும் இல்லை என்பது இருவருக்கும் தெரிந்திருந்தது.

மூன்றாவது இதழுக்கான பக்கங்கள் கம்ப்யூட்டரில் தயாராக இருந்தன. மதினி அவற்றை அச்சிடச் சொல்லவே இல்லை. மிச்சமிருந்த பழைய பிரதிகளை அவரே மூட்டை கட்டிப் பழைய பேப்பர் கடையில் போட்டுவிட்டு வந்தார். எரியோட்டுப் பையன்கள் புதுப் படம் எடுத்துவிட்டு வந்து கேட்டபோது, "அக்காவுக்கு நேரமில்ல அப்பு" என்று திருப்பி அனுப்பினார். அண்ணன் ஒரு நாள் தயங்கித் தயங்கி, "எழுதுறதுன்னா எழுதேன், நான் ஒண்ணும் சொல்லலையே" என்றார். மதினி அவர் சோற்றுத் தட்டில் வெஞ்சனம் வைத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டார். நான் பிறகு கோயம்புத்தூரில் ஒரு வேலையில் சேர்ந்தேன். இன்று கைபேசியில் கட்டளை கொடுத்தால் நடிகரின் முகத்தோடும் குரலோடும் புதுக் காட்சியே வந்துவிடுகிறது. மை தேவையில்லை, யாரும் மெதுவாக விழ வேண்டியதில்லை. அதைப் பற்றி மதினி என்ன எழுதியிருப்பார் என்று சில சமயம் நினைப்பேன். கேட்டதில்லை.

போன கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு வந்தபோது, மதினிக்கு ஒத்தாசையாகக் கடையில் உட்கார்ந்திருந்தேன். முற்பகல். ஒரு இளைஞர், மனைவி, இடுப்பில் ஒரு பெண் குழந்தை. குழந்தையின் பிறப்புச் சான்றிதழுக்கு நகல் வேண்டும் என்றார். அவர் நீட்டிய தாளை மதினி வாங்கி நிமிர்ந்தபோதுதான் அந்தக் கீரனூர்ப் பெண்ணைப் பார்த்தார். சதை போட்டிருந்தாள், ஆனால் அதே முகம். அவளும் பார்த்தாள். ஒரு கணத்துக்கு மேல் நீண்டிருக்க வேண்டும் அந்தப் பார்வை. கணவர் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "தெரிஞ்சவங்களா?" என்று கேட்டார்.

"இல்லீங்க" என்றாள் அவள்.

"எத்தன காப்பி?" என்று மதினி கேட்டார்.

"ரெண்டு போதுங்க."

அவர்கள் போன பிறகுதான் அசல் சான்றிதழ் மெஷின் மூடிக்கடியிலேயே இருப்பதை மதினி கவனித்தார். எடுத்து என் கையில் கொடுத்தார். "நீங்க போயிக் குடுத்துட்டு வாங்க தம்பி" என்றார். சந்து முனையில் அவர்களைப் பிடித்தேன். கணவர் வண்டியை எடுக்கப் போயிருந்தார். அவள் சான்றிதழை வாங்கிக் குழந்தையின் பையில் வைத்தாள். வண்டி வரும் திசையைப் பார்த்துக்கொண்டே, "அக்கா இப்பவும் எழுதறாங்களா?" என்று கேட்டாள்.

"இல்லம்மா. அப்பவே விட்டுட்டாங்க."

"நல்லதுங்க" என்றாள்.

நான் திரும்பி வந்தேன். கடையில் கூட்டம் சேர்ந்திருந்தது. மதினி யாரோ ஒருவரின் பத்திரத்தைப் பக்கம் பக்கமாகத் திருப்பி வைத்து நகல் எடுத்துக்கொண்டிருந்தார். மெஷினிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டார்.

"ஏதாச்சும் சொல்லுச்சா?"

"இல்ல மதினி."

மதினி தலையசைத்தார். அடுத்த பக்கத்தைத் திருப்பினார்.